25 கிலோமீட்டர் தள்ளிப் போன குரல்: லண்டன் வானொலி இடம் மாறிய கதை

இந்த எபிசோடை ஒரு சின்ன ஒப்புதல் வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில சர்வரை ஒரு டேட்டா சென்டர்ல இருந்து இன்னொன்னுக்கு மாத்தினோம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சு சனிக்கிழமை விடியிறதுக்குள்ள முடிச்சாச்சு. டாஷ்போர்டு முழுக்கப் பச்சை. சராசரி ரெஸ்பான்ஸ் டைம் குறைஞ்சிருந்தது. மேனேஜர் குரூப்ல ஒரு கைதட்டல் எமோஜி போட்டார். எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டோம்.

திங்கட்கிழமை ஒரு டிக்கெட் வந்தது. ஒரு சின்ன ஊர்ல இருந்து ஒருத்தர். "சனிக்கிழமையில இருந்து ஆப் திறக்கவே இல்ல சார், நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு"ன்னு எழுதியிருந்தார். அவர்கிட்ட இருந்தது பழைய போன். புது சர்வர் பேசுற பாதுகாப்பு முறை அந்த போனுக்குப் புரியல. அப்டேட் பண்ணலாம்னா, அந்த மாடலுக்கு அப்டேட்டே நிறுத்தியாச்சு. நான் டைப் பண்ண பதில் இன்னும் ஞாபகம் இருக்கு: "உங்கள் சாதனம் இனி ஆதரிக்கப்படாது." டிக்கெட் குளோஸ்.

அவர் எதையும் மாத்தல. அவர் போன் அதே போன், அவர் வீடு அதே வீடு. மாத்தினது நாங்க. ஆனா செலவு அவர் தலையில.

இது ஏதோ நம்ம காலத்து சாப்ட்வேர் பிரச்சனைன்னு நினைச்சிட்டு இருந்தேன். அப்புறம் 1920கள்ல இங்கிலாந்து வானொலி வளர்ந்த கதையைப் படிச்சப்போதான் தெரிஞ்சது, கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடியே இதே கதை ஓடி முடிஞ்சிருக்கு. அங்க சர்வருக்குப் பதிலா டிரான்ஸ்மிட்டர். பழைய போனுக்குப் பதிலா கிறிஸ்டல் செட். இன்னைக்கு அந்தக் கதைதான்.

பேட்டரி இல்லாத வானொலி

முதல்ல கிறிஸ்டல் செட்னா என்னன்னு பார்த்துடலாம். இது புரியலைன்னா மீதிக் கதை புரியாது.

ஒரு கம்பிச் சுருள். கலீனா என்கிற ஈயத் தாதுவோட சின்னத் துண்டு. அதைத் தொட்டு நிக்கிற மெல்லிய கம்பி. அதுக்கு அங்க வெச்ச பேரு 'பூனை மீசை'. வெளியே ஒரு நீளமான ஏரியல் கம்பி, தண்ணிக் குழாய்க்கு ஒரு எர்த். காதுல ஹெட்போன். அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, கரண்ட் கிடையாது, வால்வு கிடையாது.

அப்போ சத்தம் எங்கிருந்து வருது? இதுதான் ஆச்சரியம். ஹெட்போன் தகட்டை அசைக்கிற சக்தி முழுக்க டிரான்ஸ்மிட்டர்ல இருந்து காத்துல வந்த சக்திதான். நிலையம் தர்ற துளி மின்சாரத்துலதான் நீங்க பாட்டு கேக்குறீங்க. சிக்னலைப் பெருக்கிக் கொடுக்க உள்ளே எதுவுமே இல்ல. அதனால கிறிஸ்டல் செட்காரருக்கு ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: டிரான்ஸ்மிட்டர் என் வீட்டுல இருந்து எவ்வளவு தூரம்?

வால்வு செட் வேற வர்க்கம். அது பலவீனமான சிக்னலையும் பெருக்கித் தரும், லவுட்ஸ்பீக்கர்ல கேக்கலாம். ஆனா விலை அதிகம். வால்வோட இழையைச் சூடாக்குற அக்குமுலேட்டரை அடிக்கடி கடைக்குத் தூக்கிட்டுப் போய் சார்ஜ் பண்ணணும். இன்னொரு உயர் வோல்டேஜ் பேட்டரி வேற, அது தீர்ந்தா புதுசு வாங்கணும். அதுக்கும் மேல, 1920களின் பெரும்பகுதியில கடையில வாங்குற செட்டுல ஒவ்வொரு வால்வு ஹோல்டருக்கும் மார்க்கோனி கம்பெனிக்கு 12 ஷில்லிங் 6 பென்ஸ் ராயல்டி. வானொலி கேக்குறதுக்கான வருஷ லைசென்ஸே 10 ஷில்லிங்தான். ரெண்டு வால்வு செட் வாங்கினா ராயல்டி மட்டுமே 25 ஷில்லிங், அதாவது ரெண்டரை வருஷ லைசென்ஸ் பணம்.

அதனால சாதாரண சம்பளக்காரங்க வீட்டுல கிறிஸ்டல் செட்தான். நிறைய பேர் கையாலேயே செஞ்சுக்கிட்டாங்க. வெளியே ஏரியல் கட்ட இடம் இல்லாதவங்க இரும்புக் கட்டில் ஸ்பிரிங்கையே ஏரியலா மாத்தினாங்க. ஹெட்போனை ஒரு கிண்ணத்துல போட்டா சத்தம் கொஞ்சம் கூடும், குடும்பமே சுத்தி உக்காந்து கேக்கலாம்.

ஊருக்கு நடுவுல ஒரு நிலையம்

லண்டன் நிலையத்தோட பேரு 2எல்ஓ. 1922 மே மாசம் ஸ்ட்ராண்ட் தெருவுல இருந்த மார்க்கோனி ஹவுஸ் கட்டடத்துல இருந்து முதல் ஒலிபரப்பு. அதே வருஷம் நவம்பர் 14ல பிபிசி தன்னோட தினசரி ஒலிபரப்பை அங்கிருந்துதான் ஆரம்பிச்சது. அப்போ பிபிசி அரசு அமைப்பு இல்ல. வானொலிப் பெட்டி தயாரிக்கிற கம்பெனிகள் சேர்ந்து உருவாக்கின ஒரு கம்பெனி.

1925 ஏப்ரல்ல 2எல்ஓ முதல் தடவையா வீடு மாறுது. எங்கே தெரியுமா? ஆக்ஸ்போர்டு ஸ்ட்ரீட்ல இருக்கிற செல்ஃப்ரிட்ஜஸ் டிபார்ட்மெண்ட் ஸ்டோரோட மொட்டை மாடிக்கு. நம்ம ஊர்ல தி.நகர் ரங்கநாதன் தெருவுல ஒரு துணிக்கடை மொட்டை மாடியில வானொலி நிலையத்தோட ஏரியல் நிக்குதுன்னு கற்பனை பண்ணிக்கோங்க.

லாஜிக் ரொம்ப எளிமை. கேக்குறவங்ககிட்ட இருக்கிறது கிறிஸ்டல் செட். அது சுமார் 25, 30 கிலோமீட்டருக்கு மேல சரியா எடுக்காது. அப்போ டிரான்ஸ்மிட்டரை எங்க வைக்கணும்? கூட்டம் இருக்கிற இடத்துல. 1924 கடைசிக்குள்ள பிபிசிக்கு 9 முக்கிய நிலையங்கள், 11 சின்ன ரிலே நிலையங்கள். எல்லாமே பெரிய ஊர்களுக்கு உள்ளேயே. ஊர்ல இருக்கிறவங்களுக்கு ராஜ வாழ்க்கை. கிராமத்துல இருக்கிறவங்களுக்கு வானொலி இருக்குன்னு பேப்பர்ல படிச்சுத் தெரிஞ்சுக்கிறதோட சரி.

இதை மாத்தணும்னு நினைச்சவர் பிபிசியோட முதல் தலைமைப் பொறியாளர் பீட்டர் எக்கர்ஸ்லி. மனுஷன் சுவாரஸ்யமானவர். பிபிசி வர்றதுக்கு முன்னாடியே, 1922 பிப்ரவரியில இருந்து, செம்ஸ்ஃபோர்டு பக்கத்துல ரிட்டில் கிராமத்துல ஒரு மரக் கொட்டகையில உக்காந்து மார்க்கோனி கம்பெனிக்காக வாராவாரம் ஒலிபரப்பு நடத்தினவர். மைக் முன்னாடி ஜோக் அடிச்சு, தானே பாடி, கேக்குறவங்களைச் சிரிக்க வெச்சவர். இன்னைக்கு பாட்காஸ்ட் பண்ற நம்ம எல்லாருக்கும் ஒரு வகையில பெரியப்பா முறை.

கடல்ல விழுந்த பாதி வட்டம்

எக்கர்ஸ்லியோட முதல் பெரிய நகர்வு லாங் வேவ்ல.

1924 ஜூலைல செம்ஸ்ஃபோர்டுல இருந்த மார்க்கோனி தொழிற்சாலையில 5எக்ஸ்எக்ஸ்னு ஒரு சோதனை நிலையம் ஆரம்பிச்சாங்க. அலைநீளம் 1600 மீட்டர். அலை நீளமா இருந்தா தரையை ஒட்டி ரொம்ப தூரம் போகும், வழியில தரை உறிஞ்சுற சக்தியும் குறைவு. இது ஒரே நிலையத்துல இருந்து நாட்டோட பெரும்பகுதியை எட்டுற முயற்சி.

வேலை செஞ்சது. ஆனா ஒரு சிக்கல். இங்கிலாந்து மேப்பை எடுத்துப் பாருங்க. செம்ஸ்ஃபோர்டு கிழக்குக் கடற்கரைக்குக் கொஞ்சம் உள்ளேதான் இருக்கு. டிரான்ஸ்மிட்டரை நடுவுல வெச்சு ஒரு வட்டம் போட்டா, வட்டத்துல பெரிய பங்கு வட கடல்ல விழுது. மீனுக்கு லைசென்ஸ் கிடையாது.

அதனால 1925 ஜூலை 27ல 5எக்ஸ்எக்ஸ் டேவென்ட்ரி ஊருக்கு மாறுது. நார்த்தாம்ப்டன்ஷயர்ல, கிட்டத்தட்ட இங்கிலாந்தோட இடுப்புல, பரோ ஹில்னு ஒரு குன்று. இங்கிலாந்து, வேல்ஸ் நிலப்பரப்பை அதிகபட்சமா தொடக்கூடிய புள்ளின்னு பார்த்து எடுத்த இடம். 500 அடி உயரத்துல ரெண்டு மாஸ்ட், 25 கிலோவாட் ஆற்றல். கிறிஸ்டல் செட் வெச்சிருந்தவங்களுக்குக்கூட சுமார் 160 கிலோமீட்டர் தூரம் வரைக்கும் கேக்கும்னு கணக்கு. வட்டம் கடல்ல இருந்து தரைக்கு வந்தது. லட்சக்கணக்கான பேர் வாழ்க்கையில முதல் தடவையா வானொலி கேக்குறாங்க.

ஒரே நகர்வு, பெரிய வெற்றி. இதுல யாரும் பெருசா தோக்கல. ஏன்னா உள்ளூர் நிலையங்களும் அப்படியே இருந்தது. லண்டன்காரருக்கு 2எல்ஓ இருந்தது, பர்மிங்ஹாம்காரருக்கு 5ஐடி இருந்தது. டேவென்ட்ரி கூடுதலா கிடைச்ச ஒன்னு. பழசை மூடாம புதுசைக் கொடுத்தா யாருக்கும் வலிக்காது. பழசை மூடும்போதுதான் கதை ஆரம்பிக்குது.

பர்மிங்ஹாம், 1927: 20 மடங்கு பெருசு, நாலுல ஒரு பங்கு சத்தம்

பழசை ஏன் மூடணும்? காரணம் அலைநீளப் பஞ்சம். ஐரோப்பா முழுக்க நிலையங்கள் காளான் மாதிரி முளைச்சு ஒன்னு மேல ஒன்னு ஏற ஆரம்பிச்சது. 1926ல ஜெனீவா திட்டம்னு ஒரு பங்கீடு வந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தனை அலைநீளம்தான்னு. பிரிட்டனுக்குக் கிடைச்சதை வெச்சு ஊருக்கு ஒரு நிலையம் நடத்த முடியாது.

எக்கர்ஸ்லி சொன்ன தீர்வுக்குப் பேரு ரீஜனல் ஸ்கீம். ஊருக்குள்ள இருக்கிற நிறைய சின்ன நிலையங்களுக்குப் பதிலா, ஊருக்கு வெளியே சில பெரிய நிலையங்கள். ஒவ்வொரு இடத்துல இருந்தும் ரெண்டு நிகழ்ச்சி: ஒன்னு தேசிய அளவுல, ஒன்னு வட்டார அளவுல. கேக்குறவருக்கு 'சேனல் மாத்துற' உரிமை.

அதோட முன்னோட்டம் பர்மிங்ஹாம். அங்க 5ஐடி நிலையம் 1922 நவம்பர் 15ல இருந்து, அதாவது பிபிசியோட ரெண்டாவது நாள்ல இருந்து, நகரத்துக்குள்ளேயே ஓடிக்கிட்டு இருந்தது. 1927 ஆகஸ்ட் 21ல டேவென்ட்ரி குன்று மேல 5ஜிபின்னு புது மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர் வருது. பர்மிங்ஹாம் டிரான்ஸ்மிட்டர் ஓய்வு பெறுது. ஸ்டூடியோ பர்மிங்ஹாம்லயே இருக்கு. பாடுறவங்க, பேசுறவங்க அதே ஊர். குரல் மட்டும் சுமார் 55 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற குன்றுக்குத் தொலைபேசிக் கம்பி வழியா போய், அங்கிருந்து காத்துல ஏறி, திரும்ப அதே ஊருக்கு வருது.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. சிக்னலோட புல வலிமை ஆற்றலோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரிதான் கூடும். ஆனா தூரத்துக்கு நேரா குறையும். இந்த ஒரு வரியிலதான் எபிசோடே இருக்கு, அதனால மெதுவா சொல்றேன்.

புது டிரான்ஸ்மிட்டர் பழசைவிட 20 மடங்கு பெருசுன்னு வெச்சுக்கலாம். 20க்கு வர்க்கமூலம் சுமார் 4.5. அப்போ அதே தூரத்துல சிக்னல் 4.5 மடங்குதான் கூடும். இப்போ பழைய டிரான்ஸ்மிட்டர்ல இருந்து 3 கிலோமீட்டர்ல குடியிருந்த ஒருத்தரை எடுத்துக்கோங்க. அவருக்கு தூரம் 3ல இருந்து 55 ஆகுது, 18 மடங்கு. 4.5ஐ 18ஆல வகுத்தா கால். 20 மடங்கு பெரிய நிலையம் வந்தும் அவர் வீட்டுக்கு வர்ற சிக்னல் நாலுல ஒரு பங்கு. வழியில தரை உறிஞ்சினது போக இன்னும் குறையும்.

அதோட முடியல. சிக்னல் பலவீனமா இருக்கிறப்போ கிறிஸ்டல் துண்டு தர்ற ஒலி, சிக்னலோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி குறையும். அந்த நிலைமையில சிக்னல் கால் ஆச்சுன்னா ஒலி 16ல ஒரு பங்கு. வெளியே உயரமா நல்ல ஏரியல் கட்டினவர் தப்பிச்சுக்குவார். கட்டில் ஸ்பிரிங்ல கேட்டவர்? கிண்ணத்துல ஹெட்போன் போட்டுக் குடும்பத்தோட கேட்டவர்? அவங்க ஹெட்போனைக் காதோட அழுத்தி மூச்சை அடக்கிக் கேக்கணும்.

அதே நேரம், டேவென்ட்ரி பக்கத்து கிராமத்துல இருந்தவருக்கு அன்னைக்குத்தான் விடிஞ்சது. இதுவரைக்கும் ஒன்னே ஒன்னு கேட்ட இடத்துல இப்போ ரெண்டு நிகழ்ச்சி, அதுவும் கணீர்னு. மொத்தக் கூட்டல்ல இது லாபம்தான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா தோத்தவங்க யாருன்னு கவனிங்க: நகரத்து நடுவுல, தோட்டம் இல்லாத நெருக்கடியான வீடுகள்ல, மலிவான செட் வெச்சிருந்தவங்க.

துடைத்தெறியும் வட்டம்

எக்கர்ஸ்லிக்கு இது தெரியாதா? நல்லாவே தெரியும். இதுல எனக்கு அவரைப் பிடிச்ச விஷயமே அவர் இதை மறைக்கல, நம்பர் போட்டு எழுதி வெச்சார்ங்கிறதுதான்.

சிக்னல் வலிமையை ஒரு மீட்டருக்கு இத்தனை மில்லிவோல்ட்னு அளப்பாங்க. 10க்கு மேல இருந்தா 'ஏ' தர சேவை. 5ல இருந்து 10 வரைக்கும் 'பி'. 2.5ல இருந்து 5 வரைக்கும் 'சி'. இதெல்லாம் சரி. பட்டியலோட உச்சியில இன்னொன்னு இருக்கு: 30க்கு மேல போனா அதுக்கு அவர் வெச்ச பேரு துடைத்தெறியும் பகுதி. அங்க இந்த ஒரு நிலையம் அவ்வளவு பலமா இருக்கும், வேற எந்த நிலையமும் கேக்காது. மைக்செட் கட்டின கல்யாண மண்டபத்துக்கு அடுத்த வீடு மாதிரி.

இதுதான் நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டு போறதுக்கான உண்மையான காரணம். டிரான்ஸ்மிட்டர் பெருசாகப் பெருசாக அந்த வட்டமும் பெருசாகும். ஆக்ஸ்போர்டு ஸ்ட்ரீட் மொட்டை மாடியில 30 கிலோவாட் வெச்சா, நடு லண்டன்ல யாருக்கும் வேற எதுவும் கேக்காது. அந்த வட்டத்தை மாடு மேயுற வயல் மேல வைக்கணும், ஜனக் கூட்டத்தை 'ஏ' வளையத்துக்குள்ள வைக்கணும். படிக்கும்போதே ஒரு நல்ல சிஸ்டம் டிசைனைப் பார்த்த சந்தோஷம் வந்தது.

லண்டன், 1929

அப்படித்தான் புரூக்மன்ஸ் பார்க் வந்தது. நடு லண்டன்ல இருந்து வடக்கே சுமார் 25 கிலோமீட்டர், ஹெர்ட்ஃபர்ட்ஷயர் வயல்வெளி. சொந்தமா டீசல் இன்ஜின் வெச்சு மின்சாரம் தயாரிச்சாங்க. விமானப் போக்குவரத்துக்காக மாஸ்ட் 200 அடிக்கு மேல போகக் கூடாதுன்னு கட்டுப்பாடு, அதனால 200 அடியில நாலு மாஸ்ட். 1929 அக்டோபர் 21ல செல்ஃப்ரிட்ஜஸ் மொட்டை மாடி மௌனமாச்சு, புரூக்மன்ஸ் பார்க் பேச ஆரம்பிச்சது.

மறுபடியும் நம்ம கணக்கைப் போடலாம். ஆற்றல் 10 மடங்குன்னு வெச்சுக்குவோம், வர்க்கமூலம் சுமார் 3.2. தரை உறிஞ்சுறது, ஏரியல் திறன் எல்லாம் இப்போதைக்கு ஓரமா வெச்சிடலாம்.

வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் ஊர்க்காரர். பழைய நிலையத்துக்கு அவருக்கு சுமார் 28 கிலோமீட்டர், புதுசுக்கு 11. சிக்னல் 8 மடங்கு கூடுது. தெற்கே பிரிக்ஸ்டன்காரர். முன்னாடி 6.5 கிலோமீட்டர், இப்போ 30. சிக்னல் ஏறக்குறைய 30 சதவீதம் குறையுது. அதுக்கும் தெற்கே கிராய்டன்காரர். முன்னாடி 16, இப்போ 40. கணக்குப்படி கொஞ்சம் லாபம், ஆனா சிக்னல் அவருக்கு முழு லண்டனையும் தாண்டி வரணும். நகரத்து இரும்புச் சட்டக் கட்டடங்கள் மீடியம் வேவைத் தின்னும். லாபம் கரைஞ்சிடும்.

ஒரே நகரம், ஒரே நாள், ஒரே நிலையம். வடக்கே கொண்டாட்டம், தெற்கே "நம்ம செட்டுக்கு என்ன ஆச்சு?"

அஞ்சு மாசம் கழிச்சு, 1930 மார்ச் 9ல, அதே இடத்துல ரெண்டாவது டிரான்ஸ்மிட்டரும் ஓட ஆரம்பிச்சது. ஒன்னு 356 மீட்டர், இன்னொன்னு 261 மீட்டர். இப்போ பிரச்சனை திசை மாறி வடக்கே போச்சு. கிறிஸ்டல் செட்டோட டியூனிங் ரொம்ப அகலம். பக்கத்துல ரெண்டு பலமான நிலையம் இருந்தா ரெண்டையும் சேர்த்தே வாங்கும். ஒரு காதுல கச்சேரி, அதுக்குள்ளேயே ஒரு சொற்பொழிவு. தூரமா இருந்தவருக்கு சிக்னல் பத்தல, பக்கத்துல இருந்தவருக்கு சிக்னல் ஜாஸ்தி. அதுக்கு மருந்து 'வேவ் டிராப்'னு ஒரு சுருளும் கண்டென்சரும். கையாலேயே செஞ்சுக்கலாம்தான். ஆனா செய்ய வேண்டியது யாரு? கேக்குறவர்.

இன்னொரு சோகம். திட்டத்தோட சூத்திரதாரி எக்கர்ஸ்லி, புரூக்மன்ஸ் பார்க் திறந்த அன்னைக்கு பிபிசில இல்ல. தனிப்பட்ட வாழ்க்கையில விவாகரத்து விவகாரம் வந்ததால அதே 1929ல வேலையை விட வேண்டியதாயிடுச்சு. அந்தக் கால பிபிசியோட ஒழுக்க விதி அவ்வளவு கறார். அவர் வரைஞ்ச வட்டங்கள் மட்டும் ஒவ்வொன்னா முளைச்சது: வடக்கே மூர்சைடு எட்ஜ், ஸ்காட்லாந்துல வெஸ்டர்கிளென், மேற்கே வாஷ்ஃபோர்டு.

ராத்திரி வர்ற இன்னொரு வட்டம்

நிலையத்தை நகர்த்தினா இன்னொரு வட்டமும் கூடவே நகரும். அது பகல்ல தெரியாது.

மீடியம் வேவ் சிக்னல் பகல்ல தரையை ஒட்டி மட்டும்தான் வரும். ராத்திரியானா வானத்துல உயரத்துல இருக்கிற மின்னேற்ற அடுக்குல பட்டு எதிரொலிச்சும் வரும். இந்த அடுக்கு இருக்குன்னு நேரடியா நிரூபிச்ச சோதனையே பிபிசி டிரான்ஸ்மிட்டரை வெச்சு நடந்ததுதான். 1924 டிசம்பர்ல நிகழ்ச்சி எல்லாம் முடிஞ்ச நடுராத்திரியில போர்ன்மத் நிலையம் அலைநீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்த, எட்வர்ட் ஆப்பிள்டனும் மைல்ஸ் பார்னெட்டும் ஆக்ஸ்போர்டுல உக்காந்து அளந்தாங்க. ஆப்பிள்டனுக்கு இந்த ஆய்வுகளுக்காக 1947ல நோபல் பரிசு.

தரை வழியா வர்றதும் வானம் வழியா வர்றதும் சம பலத்துல சந்திக்கிற இடத்துல ரெண்டும் ஒன்னையொன்னு கூட்டும், அழிக்கும். அங்க சத்தம் அலை மாதிரி ஏறி இறங்கும். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்ல இருந்து ஆரம்பிக்கிற ஒரு வளையம் இது. சரியான தூரம் அலைநீளத்தையும் தரையையும் பொறுத்தது. நிலையத்தை நகர்த்தினா இந்த வளையமும் நகரும். நேத்து வரைக்கும் ராத்திரி நிம்மதியா கேட்ட ஒரு ஊர் இன்னைக்கு அந்த வளையத்துல சிக்கிக்கும். இதுக்கு வால்வு செட் வாங்கினாலும் முழு மருந்து இல்ல. வர்ற சிக்னலே ஏறி இறங்குது, பெருக்கினா அதையும் சேர்த்துப் பெருக்கும்.

அங்கிருந்து நம்ம ஊருக்கு

இந்தக் கதைக்கு நம்ம ஊரோட ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 1935ல பிபிசில இருந்து லயனல் ஃபீல்டன் இந்திய ஒலிபரப்புக்குத் தலைவரா வந்தார். அடுத்த வருஷம் பிபிசி பொறியாளர் எச்.எல். கிர்க் வந்து நாடு முழுக்கக் கள ஆய்வு பண்ணினார். சி.டபிள்யூ. காய்டர் தலைமைப் பொறியாளரா வந்தார். அவங்க முன்னாடி இருந்த மேப் இங்கிலாந்தைவிட எவ்வளவோ பெருசு, கையில இருந்த காசு எவ்வளவோ சின்னது. மீடியம் வேவ் வட்டங்களால இந்த நிலத்தை மூடவே முடியாது. அதனால நகரத்துக்கு மீடியம் வேவ், மத்த தூரத்துக்கு ஷார்ட்வேவ். 1938 ஜூன் 16ல சென்னை நிலையம் ஆரம்பிச்சப்போ 250 வாட் மீடியம் வேவும் 10 கிலோவாட் ஷார்ட்வேவும் வெச்சுத்தான் ஆரம்பிச்சது. 1939 மே 16ல திருச்சி.

ஷார்ட்வேவ் பிடிக்க கிறிஸ்டல் செட் போதாது, நல்ல வால்வு செட் வேணும். அதாவது நகரத்தைத் தாண்டி இருந்தவருக்கு வானொலின்னாலே காசு இருக்கிற வீட்டுத் திண்ணைதான். டிரான்ஸ்மிட்டர்ல மிச்சம் பிடிச்ச செலவு இங்கேயும் கேக்குறவர் பக்கம்தான் போச்சு.

மறுபடியும் அந்த டிக்கெட்

எக்கர்ஸ்லி செஞ்சது தப்புன்னு நான் சொல்ல வரல. அலைநீளம் பத்தல, கிராமங்களுக்கு வானொலி இல்ல, ரெண்டு நிகழ்ச்சி கேக்குற வாய்ப்பு எல்லாருக்கும் இல்ல. நான் அவர் இடத்துல இருந்தாலும் அதே குன்றைத்தான் தேடியிருப்பேன். காலப்போக்குல வால்வு செட் விலை இறங்கிச்சு, வீடுகளுக்கு மின்சாரம் வந்தது, கிறிஸ்டல் செட் பரணுக்குப் போச்சு. வரலாறு அவருக்கு பாஸ் மார்க் போட்டுடுச்சு.

ஆனா அந்த 'காலப்போக்கு'ங்கிற வார்த்தைக்குள்ள சில வருஷம் இருக்கு. அந்த வருஷங்கள்ல பர்மிங்ஹாம்ல ஒரு வீட்டுல கிண்ணத்தைச் சுத்தி உக்காந்தவங்களுக்குச் சத்தம் குறைஞ்சு போச்சு. 10 ஷில்லிங் லைசென்ஸ் அப்பவும் அதே 10 ஷில்லிங்தான்.

எக்கர்ஸ்லியோட ஏ, பி, சி பட்டியல்ல இருந்து நான் எடுத்துக்கிட்டது இதுதான். அவர் எத்தனை பேருக்குக் கேக்கும்னு மட்டும் சொல்லாம, எந்த இடத்துல எந்தத் தரத்துல கேக்கும், எங்க கெடும்னு முன்கூட்டியே பிரிச்சு வெச்சார். நாங்க சர்வர் மாத்தின அன்னைக்கு எங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு சராசரி. பழைய போன்ல இருந்து எத்தனை பேர் வர்றாங்கன்னு லாக்ல இருந்தது. பத்து நிமிஷ வேலை. யாரும் பார்க்கல, நானும் பார்க்கல. பார்த்திருந்தா பழைய சர்வரை இன்னும் ஆறு மாசம் ஓரமா ஓட விட்டிருக்கலாம். 1925ல டேவென்ட்ரி வந்தப்போ 2எல்ஓவையும் 5ஐடியையும் விட்டு வெச்ச மாதிரி.

இப்போ ஒவ்வொரு மைக்ரேஷன் முன்னாடியும் டீம்ல நான் ஒரு கேள்வி கேக்குறேன்: நாளைக்குக் காலையில யாருக்கு இது வேலை செய்யாது? "யாருக்கும் பிரச்சனை வராது"ன்னு பதில் வந்தா, லாக்கை ஒரு தடவை பார்த்துட்டு வரச் சொல்றேன். பசங்க கொஞ்சம் சலிச்சுக்குவாங்க, பரவால்ல.

அந்த டிக்கெட் போட்டவர் அப்புறம் எழுதவே இல்ல. புது போன் வாங்கினாரா, ஆப்பையே விட்டுட்டாரான்னு தெரியல. எங்க டாஷ்போர்டுல அவர் இல்லாதது ஒரு சிவப்புப் புள்ளியாக்கூட தெரியல.

உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது பழைய வானொலிப் பெட்டி வெச்சிருந்தா, எந்த நிலையம் எந்த நேரத்துல தெளிவா கேட்டுச்சு, எப்போ கேக்காமப் போச்சுன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.